கோப்பையில் எழுதிய குணம்

"அம்மா பேருக்குக் கீழ என்ன போடறதுங்க சார்? மிஷின் சும்மா நிக்குது" என்று மண்டி மொஹல்லாவிலிருந்து மூன்றாவது முறையாக போன் செய்தார் பேனர் கடை லிங்கப்பன்.

"கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு வார்த்தைதான். அதுதான் அகப்பட மாட்டேங்குது" என்றார் கிருஷ்ணராஜ்.

மறுநாள் அவர் மனைவி தீபாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். யோகா கற்க மைசூருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விட்டு, சோறும் போட்டு, எல்லோருக்கும் அக்காவாக இருந்தவள். அவர்களும் வருவார்கள் என்பதால் பேனர் ஆங்கிலத்தில். அவள் குணத்தைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். வார்த்தை கைவசம் இருந்தது. ஆனால் ஸ்பானிஷில், அவள் காபி குடித்த கோப்பையின் மேல் இருந்தது.

மரிசோல் என்ற ஸ்பெயின்காரி ஊருக்குத் திரும்பும் முன் தன் கையால் வர்ணம் தீட்டிக் கொடுத்த பீங்கான் கோப்பை அது. 'காபெசோட்டா' என்று சிவப்பில் எழுதியிருக்கும். தினமும் காலையில் அவர் காபியை டபரா டம்ளரில் ஆற்றிக் குடிக்க, எதிரே தீபா அந்தக் கோப்பையில் குடிப்பாள். எழுத்து அவர் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் சிரித்துக்கொண்டே குடிப்பாள். அர்த்தம் என்ன என்று அவர் கேட்டதில்லை. இப்போது கேட்க அவள் இல்லை. மரிசோலின் நம்பரும் தீபாவின் பழைய போனோடு போய்விட்டது.

போனில் அந்த வார்த்தையைத் தட்டினார். ஆங்கிலத்தில் 'ஸ்டபர்ன்' என்றது.

பிடிவாதக்காரியா? தீபாவா? போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்போதும் அதையே சொன்னது.

பெங்களூரிலிருந்த மகள் அஷ்வினியைக் கேட்டார்.

"ஹெட்ஸ்ட்ராங்னு போடுங்கப்பா. அதுவும் பிடிவாதம்தான், ஆனா கௌரவமா இருக்கும்."

அதை லிங்கப்பனிடம் சொன்னார். சற்று நேரத்தில் டிசைன் வந்தது. தீபாவின் படத்துக்குக் கீழே 'ஸ்ட்ராங் ஹெட்' என்று கொட்டை எழுத்து. "தலையச் சுத்தி ஒளிவட்டம் நம்ம செலவுங்க சார்" என்றார் லிங்கப்பன். பார்ப்பதற்குத் தலைவலித் தைலத்தின் விளம்பரம் மாதிரியே இருந்தது.

மாடியில் தங்கியிருந்த மதெயோவுக்கு ஸ்பானிஷ் தாய்மொழி. கிருஷ்ணராஜ் போனபோது அவர் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். அப்படியே நின்றபடி யோசித்தார். அகராதியெல்லாம் எதற்கு, அதே பிடிவாதத்தை ஆங்கிலத்தில் பேச்சு வழக்காகச் சொன்னால் 'பிக்-ஹெடட்' என்றார். ரொம்பப் பிரியமானவர்களைத்தான் அப்படிச் சொல்வோம் என்றும் சொன்னார்.

"பன்னித் தலைன்னு பிரியமா சொல்வீங்களா!" என்று தமிழிலேயே கத்திவிட்டு இறங்கினார் கிருஷ்ணராஜ். யாரிடமாவது முறையிட வேண்டும் போலிருந்தது. லிங்கப்பனுக்கு போன் போட்டார். "அநியாயத்தக் கேளுங்க. பிக்-ஹெடட்டாம்!"

"ஆயித்து சார், போட்டுடறேன்" என்று லிங்கப்பன் உடனே வைத்துவிட்டார்.

அடுத்த டிசைன் வந்தது. ஒளிவட்டம், அதன் கீழ் தீபா, அதன் கீழ் அந்த வார்த்தை. ஓரத்தில் சின்னதாக ஒரு பன்றி. 'படம் வெச்சாத்தானுங்க ஜனங்களுக்குப் புரியும்' என்று கூடவே ஒரு செய்தி.

கிருஷ்ணராஜ் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஸ்பீக்கரில் அஷ்வினி கெஞ்சினாள்.

"விட்டுடுங்கப்பா. அம்மா பேர் மட்டும் போதும்."

"முடியாது. அந்த வார்த்தை இல்லேன்னா பேனரே பேடா, வேண்டவே வேண்டாம்."

"ஏம்ப்பா இப்படி இருக்கீங்க?"

"உங்கம்மாவுக்கு அவ்ளோ பிடிச்ச வார்த்தை அது. தினம் என் கண்ணு முன்னாடி காட்டிக் காட்டிக் குடிச்சா. அது என்னன்னு தெரியாமலே ஒரு வருஷம் ஓடிடுச்சு. நாளைக்காவது அவ பேரு பக்கத்துல அது இருக்கணும்." 

தீபாவின் படத்துக்கு முன்னால் அந்தக் கோப்பையில்தான் தினமும் காபி வைப்பார். கழுவுவதற்காக அதை எடுக்க வந்த அஞ்சலை அப்படியே நின்றாள். வீட்டு வேலைக்கு அவள் வந்தே பல வருஷமாகிறது.

"எந்த வார்த்தைங்கண்ணா? இந்தக் கப்புல இருக்கிறதா?"

"ஆமா. அக்காவப் பத்தி என்ன நெனச்சு எழுதினாளோ அந்த மரிசோல்."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"ஐயோ அண்ணா, இது உங்க கப்பு. உங்களப் பத்திக் கதை கதையாச் சொல்லி அக்காதான் அந்தம்மாகிட்ட எழுதி வாங்கினாங்க; நீங்க டபரா டம்ளர விட்டு வேற எதுலயும் குடிக்க மாட்டேன்னு ஒரே அடம், அதான் அக்காவே எடுத்துக்கிட்டாங்க!"