ஆறாவது தோட்டத்துக்கு முன் ஒரு சேவ்பாயிண்ட்

மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் பாயிண்ட் அண்ணனைப் போல எதையும் நம்பாத ஆள் கிடைக்க மாட்டார். எங்கள் தோட்ட அலுவலகத்தில் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. அசல் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

நாலு வரி வேலை என்றாலும் நடுவில் ஒரு சேவ்பாயிண்ட் போடுவார். தப்பு நடந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம், அந்த இடம்வரை திரும்பினால் போதும் என்பார். அதோடு விட்டாரா? வாழையிலையில் சாம்பார் சோறு முடிந்ததும் விரலால் கோடு போட்டு, "இதுவரைக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத்தான் ரசத்துக்குப் போவார். வீட்டில் சண்டை வந்தால் மனைவியான அக்காவிடம், "உங்கம்மாவைப் பத்திப் பேசினதுக்கு முன்னாடி வரைக்கும் போயிடுவோம், அதுவரைக்கும் நல்லாத்தானே இருந்தோம்" என்பாராம். அக்கா போக மாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறு தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்குப் புது வீடு கிடைக்கப்போகிறது. பெயர்ப் பட்டியல் சாயங்காலம் நாலு மணிக்குள் போக வேண்டும், விட்டால் அடுத்த வருஷம்தான். ஆறும் ஒரே டிரான்சாக்‌ஷன். எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் கமிட், அதாவது நிரந்தரப் பதிவு; அதுவரை எதுவும் நிலைக்காது. ஐந்தை அண்ணன் காலையிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து ஏற்றியிருந்தார். ஆறாவது என் கையில்.

நம் ஆட்களுக்குப் பெயரோடு அப்பா பெயர்தானே ஒட்டிக்கொண்டு வரும்? பட்டியலை அகரவரிசையில் அடுக்கும்போது நான் அப்பா பெயர்களை மட்டும் அடுக்கித் தொலைத்தேன். ஏற்றிவிட்டுப் பார்த்தால் லயம் முழுக்க அப்பாக்கள் மாறிப் போயிருக்கிறார்கள். கங்காணி வேலை பார்க்கும் மண்டோரின் மகள், மண்டோருக்கு ஆகவே ஆகாத எதிர்வீட்டுக்காரரின் மகளாகியிருந்தாள். மணி மூன்றே கால்.  ஏற்றியதைத் திரும்ப அழிக்க ரோல்பேக் என்று அடித்துவிட்டேன், என்டர் தட்டுவதுதான் பாக்கி.

"கையை எடு லா தங்கச்சி," என்றார் அண்ணன் பின்னாலிருந்து. "அதைத் தட்டினா அஞ்சு எஸ்டேட்டும் சேர்ந்து போயிடும்."

"அப்போ என்ன அண்ணே செய்றது?"

அவர் குனிந்து, நான் அடித்த வரியோடு ஒரு சேவ்பாயிண்டின் பெயரைச் சேர்த்துத் தட்டினார். ஆறாவது தோட்டம் மட்டும் மறைந்தது. மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன.

"இதுவரைக்கும் சரி. இப்போ அப்பாமாரையெல்லாம் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பு."

அனுப்பினேன். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கமிட். மேனேஜர் எட்டிப் பார்த்து ஏதாவது பிரச்னையா என்றார். "ஒண்ணுமில்ல சார்," என்றார் அண்ணன்.

"அந்தப் பாயிண்டை எப்போண்ணே போட்டீங்க?"

"நீ நாற்காலியில உட்கார்றதுக்கு முன்னாடி."

திரையில் அதன் பெயரைப் பார்த்தேன். தங்கச்சி என்று வைத்திருந்தார்.

என்னை நம்பாமல் போட்டதுதான். கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அத்தனை பிரியமாக என்னை யாரும் நம்பாமல் இருந்ததில்லை.