இன்ஜினுக்கு எதற்குக் கேசரி?

என் மகள் கங்காவுக்கு மாப்பிள்ளையை நான்தான் பார்ப்பேன் என்று அந்த வருஷம் பொங்கலன்று தீர்மானம் போட்டேன். எண்பத்திரண்டோ, எண்பத்துமூன்றோ. தீர்மானம் முழுக்க என் மைத்துனன் எல்லப்பனுக்கு எதிரானது. என் கல்யாணத்தில் மச்சான் மோதிரம் போடும்போது, "இது வெரலா, வெண்டைக்காயா?" என்று சபையில் கேட்டவன் அவன்.

"உங்கண்ணன் கொண்டாற வரன் ராஜகுமாரனா இருந்தாலும் வேணாம்" என்றேன்.

"சரி" என்றாள் தாயாரம்மாள்.

என் மனைவி இப்போது இல்லை. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். எழுதும்போதே ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். அவள் ஒரே பேச்சில் 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றே எனக்குச் சந்தேகம்.

அடுத்த மாதம், "பெரம்பூர் பக்கம் பழைய ரயில் இன்ஜினெல்லாம் காட்சிக்கு வெச்சிகீறாங்களாம். கங்காவ இட்டுகினு போலாமா?" என்றாள்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய் ரயில் ஏறினால், இறங்கும்வரை கண்ணைத் திறக்காதவள் இவள். இவளுக்கு இன்ஜின் மேல் என்ன ஆசை?

கிளம்பும்போது கங்கா பட்டுப்புடவையில் நின்றாள். டிபன் கேரியரைத் திறந்தேன். மேலடுக்கில் கேசரி. கீழடுக்கில் பஜ்ஜி. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கிற அதே இரண்டு!

"இன்ஜினுக்கு எதுக்குடி கேசரி?"

"இன்ஜினா துன்னப்போவுது? நாமதான்."

"உங்கண்ணன் அங்க வர்றானா?"

"அவரு வந்தா எம் பேர மாத்திக்கிறேன், போதுமா?"

புரிந்துவிட்டது. எல்லப்பன் எவனையோ இழுத்துக்கொண்டு வரப்போகிறான்.

அங்கே போய் நான் ஒரு இன்ஜினையும் பார்க்கவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் பார்த்தேன். சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தேன். நிலக்கரித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லப்பனுடையதைப் போலவே பெரிய மீசை ஒன்று தெரிந்ததும் பாய்ந்து தோளைப் பிடித்தேன். மஃப்டி போலீஸ்காரர். மன்னிப்புக் கேட்டுத் திரும்பினேன்.

பெண்களைத் தனியே விடவும் பயம். நல்லவேளை, படிய வாரிய தலையோடு ஒரு பையன் நின்றிருந்தான். பெயர் ரகுபதி, ரயில்வேயில் குமாஸ்தா.

"எந்த ஊருப்பா?"

"சுங்குவார்சத்திரங்க."

"அட, நம்ம பக்கம்! இவங்களுக்குக் கொஞ்சம் இன்ஜினைக் காட்டுப்பா. நான் ஒரு ஆளத் தேடணும்."

"தாராளமாங்க" என்றான், தரையைப் பார்த்தபடி.

இடம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன். எல்லப்பன் இல்லை! வெற்றிக் களிப்பில், "கங்கா, தம்பிக்குக் கேசரி குடும்மா" என்றேன். குனிந்த தலையோடு கொடுத்தாள். கன்னத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"நல்லா கீதுங்க" என்றான் அவன், தட்டைப் பார்க்காமல்.

தாயாரம்மாளைத் தள்ளி அழைத்துப் போனேன். "கட்டிக் குடுத்தா இப்பிடி ஒரு பையனுக்குக் குடுக்கணும். உங்கண்ணனுக்குத் தெரியுமா இந்தத் தரம்?"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் எடை போட்டா தப்பாது."

உடனே அவள் மரத்தடி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு வயதான தம்பதி வந்ததிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கவனித்திருந்தேன். ஆனால் அந்த மனிதருக்கு மீசை இல்லையே என்று விட்டுவிட்டேன்.

"வாங்க சம்மந்தி" என்று கூப்பிட்டாள். "அவரு ஒத்துக்கினாரு!"

ரகுபதியின் அப்பாவும் அம்மாவும் கை கூப்பிக்கொண்டே வந்தார்கள். நானும் கூப்பினேன். வேறு என்ன செய்வது?

"யாருடி சொன்னது இந்த வரனை?" என்றேன், சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்.

"எங்கண்ணன்தான். நீங்க பாத்த மாப்ளன்னே ஊர்ல சொல்லிக்குங்க, அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."