சாப்பிட்டுவிட்டுப் போகலாம்

"வேண்டாம், நன்றி," என்றார் திருமதி ஹௌகன்.

பிலேந்திரன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு "வேண்டாம்" என்பது பேச்சின் தொடக்கம்தான். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டு தானாக முன்னால் வந்துவிடும். ஆகவே மறுபடி கேட்டார். அதற்கு மேலும் ஒரு தடவை கேட்டார்.

திருமதி ஹௌகன் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "நான் சாப்பிட்டுவிட்டேன்," என்றார்.

இதைப் பற்றித் தாதிப் படிப்பின் பாடப்புத்தகத்தில் இருந்தது. மறதி நோய் வந்தவர்கள் சாப்பிடாமலே சாப்பிட்டுவிட்டேன் என்பார்கள். அவர்களோடு வாதாடக் கூடாது. பிலேந்திரன் வாதாடவில்லை. வெள்ளைச் சோஸில் மிதந்த மீன் உருண்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பது வயதைத் தாண்டிய பௌதிகப் பட்டதாரி அவர். வேலை செய்த கணினிக் கொம்பனி திடீரென்று இழுத்து மூடப்பட்டபோது, இனி மனிதர் இருக்கும்வரை மூடப்படாத தொழிலுக்குத்தான் போவது என்று முடிவெடுத்தார். ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களுக்காக மூன்று வருடத் தாதிப் படிப்பை இரண்டு வருடத்துக்குள் அடக்கியிருந்தார்கள். மூச்சுவிட நேரமில்லாத படிப்பு. செயல்முறைப் பயிற்சியில் ஒன்றைத் தவறவிட்டால் திருப்பிச் செய்ய இடமில்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனைவி மரியரஞ்சனி பகலில் பாலர் பள்ளியிலும் மாலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கியும் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் களைத்துப்போய் வருகிற முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிலேந்திரன் புத்தகத்தை மறுபடி விரித்துக்கொள்வார்.

பயிற்சி ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், மறதி நோயாளிகள் பிரிவில். முதல் நாள், பொறுப்புத் தாதி ரண்டி நடைக்கூடத்தில் நின்றபடியே கையை நீட்டினாள்.

"அந்த அறை. திருமதி ஹௌகன். மெலிந்துகொண்டே போகிறார். காலையும் மாலையும் எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள், மதியச் சாப்பாடு உன்னுடையது. எடையைக் கூட்டிக் காட்டு. மதிப்பீட்டு நாளில் உன் ஆசிரியை அதைத்தான் பார்ப்பார்."

அடுத்த நாளே ரண்டி முதுகு வலி என்று மருத்துவ விடுப்பில் போய்விட்டாள். பதிலுக்கு வந்தவர்கள் நாளுக்கொருவராக மாறினார்கள். கழிவறை எந்தப் பக்கம் என்பதையே அவர்கள் பிலேந்திரனிடம்தான் கேட்டார்கள்.

அறையில் எப்போதும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம், வீட்டுச் செருப்பும் கம்பளிச் சட்டையுமாக, எலும்பும் தோலுமாகப் பின்னல் பின்னிக்கொண்டு திருமதி ஹௌகன். கதவோரம், அவரைப் பார்க்க வரும் ஒரு முதிய பெண். கழுத்துவரை பொத்தான் போட்ட தடித்த குளிர்கோட்டு, தொப்பி, மடியில் கைப்பை. பெயர் தெரியாது. வயதில் மூத்தவரிடம் முகத்துக்கு நேரே பெயரைக் கேட்கிற நாக்கு பிலேந்திரனுக்கு வாய்க்கவில்லை. பிலேந்திரனின் மகளோ பள்ளி அதிபரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அது வேறு தலைமுறை.

முதல் நாளே அந்தக் கோட்டுக்காரி எழுந்து, "நான் வீட்டுக்குப் போகவேண்டும்," என்றார்.

சாப்பாட்டு நேரத்தில், வந்தவர் வெறும் வயிற்றோடு போவதா? பிலேந்திரன் பதறிப்போனார். "போகலாம், போகலாம். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இருங்கள்."

அந்த அம்மா அவரை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, திருமதி ஹௌகன் தள்ளிவைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு உருண்டை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இப்படியே தினமும் நடந்தது.

மாலையில், புருசெத் பகுதியில் இருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டில் பிலேந்திரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"ஒரு வாய்கூட வைக்கிறா இல்லை, ரஞ்சி."

"உந்த வெள்ளைச் சோஸை நானெண்டாலும் தின்னமாட்டன். இடியப்பமும் சொதியும் கட்டித்தாறன், கொண்டுபோங்கோ."

கொண்டுபோனார். திருமதி ஹௌகன் மூடியைத் திறந்து மணந்து, "அருமையான வாசனை," என்று பாராட்டி, ஒரு இழையை வாயில் வைத்துவிட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "உண்மையிலேயே வயிறு நிறைந்திருக்கிறது." கோட்டுக்காரி மிச்சத்தை முடித்துவிட்டு, தேங்காய்ப்பால் சொதியைக் கிண்ணத்தோடு குடித்தார்.

வாசனை அறையோடு நிற்கவில்லை. நடைக்கூடம் முழுக்கக் கதவுகள் திறந்தன. முதியவர்கள் பிடித்துத் தள்ளி நடக்கும் ஊன்றுவண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. கொஞ்ச நேரத்தில், இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் யோசெப்பின் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

"அண்ணை, இந்த வரிசை முழுக்க மீன் உருண்டை திரும்பி வந்திருக்கு. என்ன கொண்டந்தனீங்கள்?"

"சொதி."

"சொதியோ! எனக்கு மிச்சம் வைச்சனீங்களோ?"

"அங்கை பார், அந்த அம்மா கிண்ணத்தையே கழுவி வைச்சிட்டா."

விருந்தாளி சாப்பாட்டு நேரத்தில் வருவதால்தான் நோயாளி கூச்சப்படுகிறார் என்று அன்றிரவு பிலேந்திரனுக்குத் தோன்றியது. "நாளைக்கு அவவைக் கொஞ்சம் பிந்தி வரச்சொல்லிச் சொல்லட்டோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

மரியரஞ்சனி அகப்பையோடு திரும்பினாள். "வந்த சனத்தைச் சாப்பாட்டு நேரம் எழுப்பி விடுறதோ? உதையோ அங்கை உங்களுக்குப் படிப்பிக்கினம்?"

"இல்லையப்பா, பயிற்சி போயிடும்..."

"போனாப் போகட்டும். ரெண்டு பேருக்கும் கட்டித்தாறன்."

இரண்டு பேருக்கும் கட்டினாள். கோட்டுக்காரி இரண்டு பேருடையதையும் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு என்ன என்று கேட்டார்.

எடை பார்க்கும் கதை இன்னும் மோசம். நிறுவைப் பொறியை முதல் தடவை உருட்டிக்கொண்டு போனபோது திருமதி ஹௌகன், "எனக்குமா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்."

"நகரசபை இப்போது எவ்வளவு செய்கிறது!" என்று வியந்தபடி ஏறி நின்றார். முள் காட்டியதைப் பிலேந்திரன் குறித்துக்கொண்டார். அடுத்த கிழமையும் முள் அதே இடத்தில்தான் நின்றது.

"உடம்பை அலட்டுகிறீர்களா?" என்று பிலேந்திரன் மெதுவாகக் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் பனிச்சறுக்குப் போனேன்."

பழைய காலமும் இப்போதைய காலமும் அவர்களுக்குள் குழம்பிக் கிடக்கும், திருத்தக் கூடாது. இதுவும் புத்தகத்தில் இருந்தது. "பனி எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"முதல் தரம்!"

பாவம் என்று பிலேந்திரன் உள்ளுக்குள் உருகினார். உருகிய கையோடு அவருடைய காப்பியில் யாரும் பார்க்காமல் தாராளமாகக் கிறீம் கலந்தார். மூன்றே நாளில் திருமதி ஹௌகனின் வயிறு கலங்கி, இருந்த எடையிலும் ஒரு கிலோ போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விழா. அருளானந்தன் என்ற பழைய நண்பர் எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்.

"என்ன பிலேந்திரன், பௌதிகம் படிச்சுப்போட்டு இப்ப கிழவிகளுக்குச் சோறு தீத்துறீராம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிலேந்திரனுக்குச் சுரீரென்றது. ஆனாலும் கையில் இருந்த வடையைக் கடித்து விழுங்கிவிட்டு நிமிர்ந்து சொன்னார்.

"ஓம், தீத்துறதுதான். ஒருத்தி வாயைத் திறக்கிறா இல்லை. திறக்கப் பண்ணாமல் விடமாட்டன்."

மதிப்பீட்டு நாள் வந்தது. ஆசிரியையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே இருப்பது மரியாதையில்லை என்று, எதிர்கொண்டு அழைத்துவர பிலேந்திரன் பஸ் தரிப்புக்குப் போனார். அங்கே, முதுகுப்பையும் காற்றுப் புகாத மேற்சட்டையும் அணிந்து, திருமதி ஹௌகன் பஸ்ஸில் ஏற ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

பிலேந்திரன் ஆசிரியையை மறந்தார். பாய்ந்து போய் முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே போகிறீர்கள்?"

"வீட்டுக்கு."

"போகலாம். முதலில் ஒரு காப்பி."

"நான் இப்போதுதான் காப்பி குடித்தேன்."

"இன்னொன்று குடிக்கலாம்."

"என் வீடு லம்பெர்ட்சேத்தரில் இருக்கிறது. நான் போய்ப் பூனைக்குச் சாப்பாடு வைக்கவேண்டும்."

"பூனைக்கும் வைக்கலாம், வாருங்கள்," என்றார் பிலேந்திரன், புத்தகம் சொன்னபடி ஒன்றையும் மறுக்காமல்.

பஸ் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொது இடத்தில் குரலை உயர்த்துவதைவிட ஒரு காப்பியைக் கூடுதலாகக் குடிப்பது அந்த அம்மாவுக்கு எளிதாகப் பட்டிருக்கவேண்டும். பெருமூச்சு விட்டுக் கூடவே வந்தார்.

அறையில் ஆசிரியை இங்கபோர்க் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். வேறு வழியால் வந்துவிட்டாராம். விடுப்பு முடிந்து வந்த ரண்டியும் நின்றாள். கதவோரம் வழக்கம்போல் கோட்டும் தொப்பியும் கைப்பையும்.

"நான்கு கிலோ!" என்று ரண்டி பிலேந்திரனின் தோளில் தட்டினாள். "காலையில் நானே நிறுத்துப் பார்த்தேன். நாங்கள் ஒரு இடத்தில் இருத்தவே படாத பாடு பட்டோம். நீ என்ன மந்திரம் போட்டாய்?"

பேசாமல் தலையாட்டினால் போதும், படிப்புத் தப்பிவிடும். மரியரஞ்சனியின் முகம் பிலேந்திரனின் கண்ணுக்குள் வந்தது. ஆனால் நோயாளி பட்டினி கிடக்கும்போது பொய்க் கணக்கில் தேறுவதா?

"பொறி பிழை," என்றார். "கூடவில்லை. ஒரு கிலோ குறைந்திருக்கிறது. இத்தனை நாளில் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லை. இப்போதுகூடத் தப்பி ஓடப் பார்த்தார். பஸ்ஸில் இருந்துதான் இறக்கிக் கொண்டுவருகிறேன்."

இங்கபோர்க் கண்ணாடியைக் கழற்றினார். "நீ தேறவில்லை என்று நீயே சொல்கிறாயா?"

"ஆம்," என்றார் பிலேந்திரன். "என்னைப் படிப்பில் இருந்து நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். ஆனால் மத்தியானம் மட்டும் வந்துபோக விடுங்கள். இவரைச் சாப்பிட வைக்காமல் நான் விடமாட்டேன்."

ரண்டி முதுகுப்பைக்காரியைப் பார்த்தாள். இங்கபோர்க் ரண்டியைப் பார்த்தார். முதுகுப்பைக்காரி பள்ளிப் பிள்ளைபோல் ஒரு விரலை உயர்த்தி, தன்னுடைய முறை வரட்டும் என்று காத்திருந்தார்.

கதவோரத்தில் கோட்டுக்காரி எழுந்தார். "நான் வீட்டுக்குப் போகவேண்டும்."

"சாப்பிட்டுவிட்டுப் போகலாம், இருங்கள்," என்றார் பிலேந்திரன், திரும்பிக்கூடப் பார்க்காமல். கோட்டுக்காரி உட்கார்ந்து மடியில் துடைக்கும் தாளை விரித்துக்கொண்டார்.

தள்ளுவண்டியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யோசெப்பின் உள்ளே வந்து, எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"என்ன அண்ணை, பாக்க வந்த தங்கச்சிக்காரியைப் பஸ்ஸிலை இருந்து இறக்கிக்கொண்டு வந்து நிக்கிறியள், ரெண்டு வருசமா இந்தக் கோட்டோடை வீட்டை போக வெளிக்கிட்டுக்கொண்டு இருக்கிற இந்த மனிசியெல்லோ உங்கட திருமதி ஹௌகன்!"