பங்குனி உத்திரத்துக்கு லீவு வாங்கிய கதை

ஓசூர்,
23.12.2006

மரியாதைக்குரிய சித்தப்பா அவர்களுக்கு, மகன் பரமசிவம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் சரஸ்வதியும் பிள்ளைகளும் குளிரில் நடுங்கியபடி நலம். அங்கு உங்கள் மூட்டுவலி நீங்கலாக மற்றதெல்லாம் நலமாயிருக்க நம் குலதெய்வம் சாஸ்தா துணையிருக்கட்டும்.

"நாலு வருஷமாகப் பங்குனி உத்திரத்துக்கு வராதவன், இந்த முறையும் வராவிட்டால் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்று கார்டில் எழுதியிருந்தீர்கள். தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார், ஆறுதலும் சொன்னார். சித்தப்பா, நான் சாஸ்தாவை மறக்கவில்லை. பங்குனியில்தான் கம்பெனியில் மார்ச் மாத அவசரம், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. அதனால் பங்குனி உத்திரத்தைக் கம்பெனியின் விடுமுறைப் பட்டியலிலேயே ஏற்றிவிடுவது என்று இறங்கிவிட்டேன்.

பட்டியல் போட ஒவ்வொரு டிசம்பரிலும் கேன்டீனில் கூடுவோம். தேசிய விடுமுறை போகப் பண்டிகைக்கு ஐந்து நாள். பொங்கல், சித்திரை முதல் நாள், ஆயுத பூஜை, தீபாவளி நான்கிலும் யாரும் கை வைக்க முடியாது. ஐந்தாவது யுகாதி, இங்கே பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான் பேச்சு. கூட்டம் நடத்தும் ஆபீசர் ஸ்வாதி மேடம் பாதுகாப்பு தினம், தண்ணீர் தினம், புகையிலை ஒழிப்பு தினம் என்று மாதம் ஒன்று கொண்டாடுகிறவர். எதை யார் எந்த வருஷம் தொடங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எதற்கும் லீவு மட்டும் கிடையாது. சட்டையில் ஒரு பேட்ஜ், கையை நீட்டி உறுதிமொழி, ஒரு மிட்டாய், நேரே மெஷினுக்கு. பங்குனி உத்திரத்துக்கு என்ன வரலாறு என்று அவர் கேட்கவும் எழுந்தேன்.

இரண்டு வார்த்தை சொல்லி உட்காரலாம் என்றுதான் எழுந்தேன். எந்தச் சீமையில் பிழைத்தாலும் அன்றைக்கு நம் ஜனம் தன் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவதையும், உங்கள் சாஸ்தா யார் என்று கேட்டே சொந்தம் கண்டுபிடிப்பதையும், அப்பா இறந்த வருஷம் நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பொங்கல் வைத்ததையும் சொல்லும்போது, சித்தப்பா, அத்தனை பேர் முன்னால் அழுதேவிட்டேன். யூனியன் செயலாளர் கரியப்பண்ணன் எழுந்தார். யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் தின்று, மறுநாள் தெருவுக்கே கறிச்சோறு போடுகிற மனிதர். "இந்த வருசம் யுகாதியை எடுத்துட்டு பரமசிவத்தோட பண்டிகையப் போடுங்க" என்றார். யுகாதி கொண்டாடும் அவருடைய ஆட்கள் இருபத்திரண்டு பேரும் கை தூக்கினார்கள். மேலாளர் சிரித்த முகத்துடன் கையெழுத்துப் போட்டார். இப்படிப்பட்ட தங்கமான மனிதர்களை நான் எங்கும் கண்டதில்லை.

ஆகவே வருகிறேன். பானையைத் துலக்கி வையுங்கள். சித்திக்கு என் நமஸ்காரம், தம்பிமாருக்கு அன்பு.

இப்படிக்கு,
படி ஏறப்போகும்
பரமசிவம்

பி.கு.: தேதி பார்த்து எழுதலாமென்று புதுக் காலண்டர் வாங்கினேன். பங்குனி உத்திரம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எங்களுக்கு எப்போதும் லீவுதான். ஓடிப்போய்க் கேட்டதற்கு, பட்டியலை இனி மாற்ற முடியாது என்று மேலாளர் அதே சிரிப்புடன் சொன்னார். கரியப்பண்ணனிடம் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். "எனக்கு அன்னிக்கே தெரியும் பரமசிவம். எங்க ஊட்டுக்கு காலண்டர் நவம்பர்லயே வந்துருச்சு. நீ அழுதுக்கிட்டு நிக்கிற, அந்த நேரத்துல ஞாயித்துக்கிழமைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். யுகாதியன்று அவருடைய ஷிப்டை நானே பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மற்ற இருபத்திரண்டு பேருக்கு நான் எங்கே போவேன், சித்தப்பா?