நாற்பதில் தூண்டில் பிடித்தவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. சின்ன வயதில் ஆற்றுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் வளர்ந்து, நாற்பது தாண்டியதும் ஒருநாள் காலையில், பல் விளக்குவதற்கு முன்பே, "இனிமே நான் மீன் பிடிக்கப் போறேன்" என்று வீட்டில் அறிவிக்கும் இனம். புதுத் தூண்டில்காரர் என்று பெயர் வைப்போம். அடையாளம் காண்பது சுலபம். ஆற்றங்கரையில் யார் சட்டையில் சேறே இல்லையோ, யார் சட்டையில் மட்டும் உடம்பைவிடப் பைகள் அதிகமோ, அவர்தான்.

ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ என்ற ஊரில் குளியலறை ஓடு விற்கும் வாரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். அவருக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் மீன் இல்லை. பாத்திரம்.

அவர் மனைவி லியோனியின் குடும்பம் ஈஸ்டர் விடுமுறைக்குக் கோல்பர்ன் ஆற்றங்கரையில் கூடாரம் போடும். அங்கே ஒரு வழக்கம். மீன் பிடித்தவர்கள் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டுச் சாய்ந்துகொள்வார்கள். பிடிக்காதவர் எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். கல்யாணமான வருடத்திலிருந்து வாரிக் கழுவிக்கொண்டே இருக்கிறார். மாமனார் மெர்வ் அவரிடம் பேசியதெல்லாம் பெரும்பாலும், "அந்தச் சட்டியையும் எடுத்துக்கோங்க மாப்ள" என்பதுதான். நெருப்புப் பக்கமிருந்து சிரிப்பு வரும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சோப்பு நுரைக்கு நடுவில் நிற்பவருக்குத் தெரியாது. இந்த வருடம் ஒரு மீன், ஒரே ஒரு மீன் பிடித்து, அந்த வட்டத்தில் தன் நாற்காலியையும் போட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

முடிவு செய்தவர் ஆற்றுக்குத்தானே போக வேண்டும்? கடைக்குப் போனார்.

புது இனத்தின் முதல் குணம் இது. ஒரு தூண்டில் கேட்கப் போனவர், கனமான மீனுக்கு ஒரு கழி, இலேசான மீனுக்கு ஒரு கழி, எந்த மீன் வரும் என்று தெரியாத நாளுக்கு ஒரு கழி, விதவிதமான முள், ஈயக்குண்டு, தக்கை, தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி, காற்றழுத்தம் காட்டும் கருவி, பிடித்த மீனை நிறுக்கத் தராசு, அந்த மீனின் உதட்டில் முள் குத்திய காயத்துக்குத் தடவ ஒரு குட்டிச் சீசா மருந்து என்று காரை நிரப்பிக்கொண்டு வந்தார். இரை வாங்க மறந்துவிட்டார்.

இரண்டாவது குணம், ஆற்றைத் தவிர எல்லா இடத்திலும் பயிற்சி எடுப்பது. வாரிக் தினமும் காணொளி பார்த்தார். வீட்டுப் பின்புறம் வீசிப் பழகினார். அடுத்த வீட்டுக்காரி உலரப் போட்டிருந்த போர்வை மாட்டியது. அதையும் நிறுத்துப் பார்த்தார்.

ஈஸ்டர் வந்தது. கூடாரத்துக்குப் பக்கத்தில் அவர் சாமான்களை இறக்குவதைப் பார்த்து லியோனியின் அக்கா கிளெனிஸ் கேட்டாள்: "என்ன தம்பி, கடையவே இங்க மாத்திட்டியா?"

"இதெல்லாம் வேணும்க்கா. இன்னிக்கு காத்தழுத்தம் இறங்குது. மீனெல்லாம் அடியில படுத்திருக்கும்."

"அப்படியா. மீனே சொல்லுச்சா?"

கிளெனிஸ் தான் தின்றுகொண்டிருந்த ரொட்டியிலிருந்து சீஸைக் கிள்ளி முள்ளில் வைத்து, யாருடனோ பேசிக்கொண்டே தண்ணீரில் போட்டாள். தேநீர் ஆறுவதற்குள் ஒரு மஞ்சள்வயிறு மீன் கரையில் துள்ளியது.

வாரிக் குனிந்து பார்த்தார். "என்ன முடிச்சுக்கா போட்டிருக்கீங்க?"

"அவுராத முடிச்சு."

வாரிக்கின் முதல் வீச்சு தலைக்கு மேல் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் போய் மாட்டியது. இரண்டாவது வீச்சும் அதே மரத்தில்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த மெர்வ், தொப்பியைத் தூக்காமலே சொன்னார்: "பெரிசா மாட்டிருக்கு மாப்ள. அளந்து பாத்துட்டு விட்ருங்க."

அன்று வாரிக் தட்டு கழுவினார். மறுநாளும் கழுவினார். மீன் வராததற்கு அவரிடம் ஒவ்வொரு நாளும் புதுக் காரணம் இருந்தது. முதலில் நிலா, பிறகு தண்ணீரின் நிறம், பிறகு மேலே எங்கோ யாரோ ஓட்டிய படகு. தப்பு வானத்தில் இருக்கலாம், ஆற்றில் இருக்கலாம். புதுத் தூண்டில்காரரிடம் மட்டும் இருக்காது.

கடைசி நாள் சாயங்காலம் கழி வளைந்தது.

வாரிக் கத்தியதில் குடும்பமே கரைக்கு ஓடி வந்தது. இழுத்தார், விட்டார், வழுக்கி முட்டி போட்டார், மறுபடி இழுத்தார். வந்தது மீன். கைக்குழந்தை அளவுக்குக் கொழுத்து, பித்தளை நிறத்தில் மினுங்கிய மீன். லியோனி கை தட்டினாள். மெர்வ்கூட எழுந்து நின்றார். வாரிக்குக்குக் கண் கலங்கியது. நாற்காலி கிடைத்துவிட்டது அல்லவா?

பிறகு, காணொளியில் பார்த்தபடி கையை நனைத்துக்கொண்டு, மீனை நெஞ்சோடு அணைத்து, குட்டிச் சீசாவைத் திறந்து அதன் உதட்டில் மருந்து தடவி, காதில்லாத அந்த மீனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். அது வாலை ஆட்டிவிட்டுப் போனது.

லியோனியின் கைதட்டல் பாதியில் நின்றது.

அது கெண்டை. கோல்பர்ன் ஆற்றையே கிளறிச் சேறாக்கி, மற்ற மீன்களைப் பட்டினி போடும் வந்தேறி. இங்கே அதைத் தின்ன மாட்டார்கள்; பிடித்தால் கொன்று எலுமிச்சை மரத்தடியில் உரமாகப் புதைப்பார்கள். உயிரோடு திரும்ப விடக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவரும் விடமாட்டார்கள். ஆனால் வாரிக் பார்த்த காணொளிகள் அத்தனையும் இங்கிலாந்தில் எடுத்தவை. அங்கே கெண்டைக்குப் பெயர் வைத்து, மருந்து போட்டு, வழியனுப்பி வைக்கிறார்கள்.

மெர்வ் மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, அது என்ன மீன்னு தெரியுமா?"

தெரியாது என்ற சொல் இந்த இனத்தின் வாயில் வராது. "தெரியுமே மாமா. கெண்டை. வயிறு நிறைய முட்டை. அதான் பாவம்னு விட்டேன்."

கிளெனிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முட்டையோட," என்றாள். "மருந்து போட்டு."

"பிடிச்சாருல்ல," என்று வாதாடினாள் லியோனி. "எல்லாரும் பாத்தோம்ல. நாற்காலி குடுங்கப்பா."

மெர்வ் நன்றாக யோசித்தார். "பிடிச்சது வாஸ்தவம். ஆனா அவரு பிடிக்காமலே இருந்திருந்தா ஆத்துல சாதாக் கெண்டை இருந்திருக்கும். இப்ப வைத்தியம் பாத்த கெண்டை இருக்கு." தீர்ப்பு முடிந்தது. வாரிக் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

தேய்த்தார். காது இரண்டும் சுட்டது. நெருப்புப் பக்கம் சிரிப்பு அலை அலையாக வந்தது. இந்தத் தடவை எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போது மெர்வ் ஒரு துணியுடன் வந்து, பக்கத்தில் நின்று, ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தார். "மருந்து போடறப்ப, எரியும்னு அதுகிட்ட சொன்னீங்களா மாப்ள?"

வாரிக் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றழுத்தம் பற்றி ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். "இல்ல மாமா. அத விடக் கூடாதுன்னே எனக்குத் தெரியாது."

"அது எங்களுக்குத் தெரியும்," என்றார் மெர்வ். "வேற என்னதான் சொன்னீங்க அதுகிட்ட?"

"பாத்துப் போன்னு சொன்னேன்."

மெர்வ் சிரித்த சிரிப்பில் தட்டு கீழே விழுந்தது. என்னவென்று கேட்டுக்கொண்டே கிளெனிஸ் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெருப்பு தனியாக எரிந்தது. எல்லாரும் பாத்திரத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். வாரிக் சொன்னார், நுரைக் கையை ஆட்டி ஆட்டி.

நல்ல கதைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கெண்டையை அவர் தண்ணீரில் விட்டபோது, "அடடா, குழம்பு வைத்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா? புளி எவ்வளவு என்பது வரைக்கும் போனீர்களா? கோல்பர்ன் ஆற்றைப் பார்த்ததில்லை, அந்த மீனைத் தொட்டதில்லை, ஆனாலும் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால் நீங்களும் இந்த இனம்தான்; உங்கள் வீட்டிலும் விலைச்சீட்டுக் கிழிக்காத ஏதோ ஒரு சாமான், ஏதோ ஓர் அலமாரிக்கு மேல் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.