அனுராதா டீச்சரும் உன் தலைமுடியும்

திருத்தணி,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பு மச்சான் சூர்யபிரகாஷுக்கு உன் பாவா கண்ணையன் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா அனிதாவும் மோனிகாவும் ஆட்டோவும் சுகம். ஆட்டோவுக்கு மட்டும் பின்சக்கரத்தில் லேசாகச் சத்தம். பெங்களூரில் நீயும் உன் தலைமுடியும் சுகம்தானே? தலைமுடியைத் தனியாக விசாரிக்கிறேனே என்று யோசிக்காதே, காரணம் இருக்கிறது, வரிசையாக வருகிறேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்றும் கேட்காதே. ஃபோனில் பேசினால் உன் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். துணி எடுக்க வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படி.

நம் மோனிகாவுக்கு வாய் திக்கும் என்பது உனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பு முழுக்க அவள் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் அனுராதா டீச்சரிடம் வந்தாள். அந்த அம்மா இவளை அதட்டவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வாய்ப்பாட்டைக் கை தட்டிக்கொண்டே சொல்ல வைத்தார், அப்புறம் பாட்டு, அப்புறம் பாடம். இப்போது மூன்றாம் வகுப்பில் என் பிள்ளை எழுந்து நின்று வாசிக்கிறாள், மச்சான். ஐந்து வரிக்கு ஒரு இடத்தில்தான் நிற்கிறாள். அப்படிப்பட்ட டீச்சர் இடமாறுதலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், வருகிற சனிக்கிழமை திருவள்ளூரில் கவுன்சிலிங் என்று தலைமையாசிரியர் கமலா டீச்சர் போன வாரம் சொன்னார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பதே இரண்டு டீச்சர். இவரும் போய்விட்டால் என் பிள்ளை மறுபடி ஊமையாகிவிடுவாள் என்று எனக்கு ராத்திரியும் பகலும் அதே நினைப்பு.

கமலா டீச்சருக்கு வேறு கவலை. விளையாட்டு விழா, மாறுவேடப் போட்டி, உணவுத் திருவிழா மூன்றையும் இந்த ஒரே வாரத்தில் நடத்தி ஃபோட்டோ எடுத்து அனுப்பியாக வேண்டுமாம். பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து, "அதோட வெள்ளிக்கிழம ஒரு பாராட்டு விழாவும் வெச்சிடலாங்க. வாரம் பூரா நாம செய்ற செய்கையில அந்தம்மாவுக்கு இந்த ஊர வுட்டுப் போவ மனசே வரக்கூடாது" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பேசி ஊர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அதிலேயே எனக்குப் புத்தி கெட்டுப்போனது.

திங்கட்கிழமை விளையாட்டு விழா. பிள்ளைகள் ஓடினார்கள், விழுந்தார்கள், அதெல்லாம் எப்போதும் நடப்பது. கடைசியில் பள்ளி ஊழியர்களுக்கு நாற்காலிப் போட்டி. இரண்டு டீச்சர், சத்துணவு சமைக்கிற கெங்கம்மாள், ஆக மூன்று பேர், இரண்டு நாற்காலி. பாட்டை நிறுத்துகிற வேலை என்னிடம். அனுராதா டீச்சர் ஜெயிக்க வேண்டும் என்று ரகசியமாகப் பேசி வைத்திருந்தோம், கமலா டீச்சருக்கும் அது தெரியும், கெங்கம்மாளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டோம். கமலா டீச்சர் முதல் சுற்றிலேயே நாகரிகமாக வெளியே போய்விட்டார். மிச்சம் ஒரு நாற்காலி. அனுராதா டீச்சர் நாற்காலிக்கு நேராக வந்ததும் நான் பாட்டை நிறுத்தினேன், அவரும் உட்கார்ந்தார், கெங்கம்மாள் அவர் மடியில் உட்கார்ந்தாள். "நான்தான் மொதல்ல" என்கிறாள். எழுந்திரு என்றால், "ஆங், எழுந்துப்பேன், பரிசு குடுத்துட்டு எழுப்பு" என்கிறாள். அனுராதா டீச்சர் கீழேயிருந்து, "அண்ணா, பரிசக் குடுத்துடுங்க, எனக்கு மூச்சு முட்டுது" என்று சொன்னார். எவர்சில்வர் குடம் கெங்கம்மாளுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை மாறுவேடம். எனக்கும் உன் அக்காவுக்கும் ஒரு யோசனை வந்தது, உலகத்தில் யாருக்கும் வராத யோசனை என்று நினைத்தோம். மோனிகாவுக்கு அனுராதா டீச்சர் வேடம். மாம்பழக் கலர் சேலை, கறுப்புக் கண்ணாடி, தோளில் கைப்பை, கையில் குடை. பிள்ளையை ஆட்டோவில் பின்னால் உட்காரவைத்து, சேலை கலையாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால், பள்ளிக்கூட வாசலில் பதினோரு அனுராதா டீச்சர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்! ஒவ்வொரு வீட்டிலும் அதே யோசனை, ஒவ்வொருவரும் ரகசியமாக வைத்திருந்தோம். மோனிகா பன்னிரண்டாவது. அதில் இரண்டு பேர் ஆண் பிள்ளைகள், ஒருவனுக்கு அம்மா கொண்டை வேறு வைத்துவிட்டிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று வேடத்தில் மூழ்கிப்போய் நிஜ டீச்சரையே பார்த்து, "இன்னா சத்தம் அங்க? கைய கட்டு, வாயப் பொத்து" என்று அதட்ட, அவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் உன் அக்காவிடம், "பாத்தியா, மனசு எளகுது" என்று கிசுகிசுத்தேன்.

புதன்கிழமை உணவுத் திருவிழா. வீட்டுக்கு ஒரு பண்டம், எல்லாப் பாத்திரத்தையும் வீடு வீடாக வாங்கி வரும் பொறுப்பு என் ஆட்டோவுக்கு. கேழ்வரகு அடை, கம்பங்கூழ், சாமைப் பொங்கல், மொச்சைக் குழம்பு, தினை உருண்டை என்று பதினெட்டுப் பாத்திரம். கே.ஜி.கண்டிகை ரோட்டில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், மச்சான், போட்டவன் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்தால் சும்மா விடமாட்டேன். ஏறி இறங்கியதில் மொச்சைக் குழம்பு பொங்கலுக்குள் போய்விட்டது. தினை உருண்டை கூழில் மூழ்கிவிட்டது. நான் என்ன செய்வேன், கெட்டுப்போகவில்லையே என்று எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடையில் கொட்டிக் கிளறி, மேலே கொத்தமல்லி தூவி ஓரமாக வைத்துவிட்டேன். ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி ருசி பார்த்துவிட்டு அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்தார். "இதுக்குப் பேர் இன்னாங்க?" என்று கேட்டார். "இது எங்க ஏரியா பண்டம் சார்" என்றேன். இந்தப் பக்கம் கெங்கம்மாள், "ஊரே சமச்சி எத்துகினு வந்தா, என் சோறு நல்லா இல்லன்னுதானே அர்த்தம்?" என்று சமையலறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த எல்லோரும் இன்னொரு தட்டு சத்துணவும் சாப்பிட வேண்டியதாயிற்று. அனுராதா டீச்சர் இரண்டு தட்டையும் காலி செய்தார். எல்லாம் சரி, சாயங்காலம் கை கழுவும்போது கமலா டீச்சரிடம், "சனிக்கிழம காலையில கவுன்சிலிங் போய்ட்டு வந்துடறேன் டீச்சர்" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். வாரம் பூரா பட்ட பாடு வீணா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனிமேல்தான் உன் விஷயம். வியாழக்கிழமை காலை சித்தூர்க்காரர்கள் ஒரு குடும்பம் மலைக்குச் சவாரி கேட்டார்கள். மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, நானும் வரிசையில் நின்று முருகன் முன்னால் போய்விட்டேன். "சாமி, எங்க டீச்சர் இங்கியே இருக்கட்டும், மொட்ட போட்டுக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே தலையைத் தொட்டுப் பார்த்தேன். என் தலையில் என்ன இருக்கிறது, மச்சான்? காதுக்கு மேலே அந்தப் பக்கம் பதினைந்து, இந்தப் பக்கம் பதினைந்து. போன தடவை முடி எடுக்க உட்கார்ந்தபோது சவரம் செய்கிறவர், "தல நனைக்கவா, வேணாமா?" என்று கேட்டார். இதைக் கொடுத்துவிட்டு அவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்டால் முருகனுக்கே சிரிப்பு வராதா? பின்னால் நின்ற சித்தூர் அம்மா, "ஜருகு நைனா, ஜருகு" என்று தெலுங்கில் நகரச் சொல்லி முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார். அந்த அவசரத்தில் எனக்கு உன் முகம்தான் கண்ணில் நின்றது. முகம்கூட இல்லை, அதற்கு மேலே இருப்பது. "எங்க மச்சான் சூர்யா மொட்ட போடுவான் சாமி" என்று சொல்லிவிட்டேன்.

திட்டாதே. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. வெளியே வந்ததும் எனக்கே திக்கென்றது. அடுத்த மாதம் பதினாலாம் தேதி உனக்கு நிச்சயதார்த்தம், அம்மையார்குப்பம் பெண் வீட்டுக்காரர்கள் உன் ஃபோட்டோவில் அந்த முடியைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். வேறு ஏதாவது கொடுத்து மாற்றிக்கொள்ள முடியுமா, ஒரு சேவல், இரண்டு குடம் பால் என்று மாலை விற்கிற அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நேந்துகினது நேந்துகினதுதான். ஆமா, ஒன் தலய நேந்துக்காம இன்னாத்துக்கு அடுத்தவன் தலய நேந்துகினே?" என்றாள். குனிந்து தலையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்கு மாலை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

இன்றைக்குப் பாராட்டு விழா. எல்லோருக்கும் மரியாதை செய்தோம். கமலா டீச்சருக்கு மாலை, கெங்கம்மாளுக்குச் சேலை, கூட்டிப் பெருக்குகிற பங்காருவுக்கு வேட்டி சட்டை. அனுராதா டீச்சருக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு சால்வை. போர்த்தினதைக் கழற்றினால் மரியாதைக் குறைவு என்று நினைத்து அவரும் கழற்றவில்லை. பதினைந்தாவது சால்வைக்கு மேல் கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் மோனிகா மைக் முன்னால் வந்தாள். ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். "எங்கள் டீச்சர் எனக்காகக் காத்திருப்பார்" என்று ஆரம்பித்தாள், மச்சான், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. முழுப் பக்கமும். நான் ஆட்டோவுக்குப் பின்னால் போய் அழுதேன். டீச்சர் அத்தனை சால்வையோடும் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "நான் நாளைக்கு கவுன்சிலிங் போகல, இங்கயேதான் இருக்கேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஊர் வெடி வெடித்தது.

ஆக முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். இனி பாக்கி உன் தலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. முடி ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும், இப்படி ஒரு டீச்சர் வளர்வாரா? நிச்சயதார்த்தத்துக்கு ஒரு தலைப்பாகை கட்டிக்கொள், அந்தக் காலத்து மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாக இருக்கும். சந்தனம் நான் வாங்கித் தருகிறேன். உன் அக்காவிடம் இது நீயாக வேண்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டால் எனக்குச் சோறு கிடைக்கும்.

மலைமேல் இருப்பவன் உனக்கு நல்ல மனசையும் நல்ல பெண்டாட்டியையும் கொடுக்கட்டும். கடை முதலாளிக்கும் என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் தலையை நம்பியிருக்கும் பாவா,
கண்ணையன்.

பி.கு. (சனிக்கிழமை சாயங்காலம்): நல்லவேளை உறையை ஒட்டவில்லை. மச்சான், மொட்டை வேண்டாம்.

இன்று காலை எட்டு மணிக்கு அனுராதா டீச்சர் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் நிலையம் போகணும் என்றார். நான் பெருமையாகப் பேசிக்கொண்டே ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறார். ஊத்துக்கோட்டையில் அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து நாலு வருஷமாகப் படுக்கையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சோறு ஊட்டுகிறார்கள். வாராவாரம் சனிக்கிழமை இவர் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருகிறார். நாலு வருஷமாக இந்தக் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தாராம். "ஏன் டீச்சர் ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். "யாருங்கண்ணா கேட்டீங்க? வாரம் பூரா மால போட்டீங்க, சால்வ போத்துனீங்க. உனுக்கு இன்னா வேணும்னு ஒருத்தர் கூடக் கேக்கலயே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அடித்தாற்போல இருந்தது. பஸ் நிலையம் வந்தது, நான் நிறுத்தவில்லை. "அண்ணா, எங்க போறீங்க?" என்றார். "திருவள்ளூர்" என்றேன். "அவ்ளோ தூரம் போக பர்மிட் இருக்கா?" என்றார். "இல்ல" என்றேன். பின்சக்கரம் கத்தினது கத்தினபடி போய்ச் சேர்ந்தோம். அவருக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்ததைப் பார்த்தேன். அவர் நம் ஊருக்கு வந்த இந்த ஏழு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மோனிகாவிடம் மட்டும் சொன்னேன். அந்த மாம்பழக் கலர் சேலையை எடுத்து மடித்து வைத்தாள். அப்புறம், "போ... போ... போவட்டும் நைனா, அவங்க அம்மா பாவம்" என்றாள். திக்கினாலும் சொல்லி முடித்துவிட்டாள்.

ஆனால் ஊருக்குத் தெரியாது. டீச்சர் தங்கிவிட்டார் என்று உன் அக்கா இப்போதுதான் பாயசம் வைத்து வீதி முழுக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன். முப்பதாம் தேதி அவர் கிளம்பும்போது, கூட்டிக்கொண்டு போய் மாறுதல் வாங்கிக் கொடுத்தது இந்தக் கண்ணையன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு என் பக்கத்தில் நிற்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். லீவு போட்டுவிட்டு வந்துவிடு, மச்சான். முடியோடே வா.