சைலண்டும் கதவுக்குள் போன பெண்ணும்

மதியம் இரண்டே கால் மணி. ராயபுரத்தில் கடலைப் பார்த்துப் போகும் ஒரு சந்தில், வீடியோ கடை ஒன்றின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. நான் முதலில் பார்த்தது செருப்புகளை. வாசலில் வரிசையாக எட்டு ஜோடி. குனிந்து உள்ளே நுழைந்தேன். இருட்டில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் பேசவில்லை. டிவியும் பேசவில்லை. திரையில் ஒரு பெண், நீலம் பூசிய உடையில், அட்டையில் வெட்டிய மீன்களுக்கு நடுவே நடந்து வந்தாள். முகம் சுண்ணாம்பு வெள்ளை. நின்றாள். எங்களைப் பார்த்து வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

இருட்டிலிருந்து ஓர் ஆண்குரல் அவளுக்குப் பதில் சொன்னது.

"கீறோம்மா. இங்கதான் கீறோம்."

வடசென்னையில் செத்தவர்களோடு சகஜமாகப் பேசிக்கொண்டே ஒரு வியாபாரத்தை நடத்திக் காட்டிய ஒரே மனிதர் சைலண்டுதான். அவருடைய நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். ஊமைப்படமாகத் தேடித் தேடிச் சேர்த்ததால் அந்தப் பெயர். மற்றபடி அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியபடியே கதை சொல்லி முடித்தார் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி எழுதுவது என் வேலை. இப்படி ஒரு கடை இருக்கிறது என்று, கப்பல்களுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப் போகும் லாஞ்ச் படகை ஓட்டுபவர் ஒருவர் சொல்லித்தான் போனேன். டேப் ஒழிந்து, விசிடி ஓய்ந்து, டிவிடி வந்துகொண்டிருந்த சமயம். சைலண்டு அதற்கு முன்பு, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு முட்டை, வெங்காயம், காய்கறி ஏற்றிப் போகும் வேலையில் இருந்தவர். அந்தப் பழக்கத்தில் கப்பல்காரர்கள் அவருக்குப் படங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய மாயாஜாலப் படங்கள். பழைய பிலிமைத் துடைத்து, கிழிசலை ஒட்டி, அந்தக் காலத்தில் கையால் பூசிய வண்ணத்தை மீட்டு, வெளிநாட்டில் புதிதாகப் போட்ட பதிப்புகள். புகையில் மறையும் பிசாசு, தலையைக் கழற்றிக் கூடையில் வைக்கும் மந்திரவாதி, சிறகு முளைத்த வண்டி.

சத்தமில்லாத படம் வேண்டும் என்று சைகையில் கேட்டால், ஒரு மாலுமி என்ன புரிந்துகொள்வான்? சிலர் கண்ணடித்து வேறு மாதிரிப் படத்தைக் கையில் திணித்தார்கள். சைலண்டு அதையும் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா நைனா, புடிக்கலையா?" என்று லாஞ்ச்காரர் கேட்டார்.

"ஒரே சத்தமா கீது. வேணாம்."

கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, படத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. "இவங்கள்லாம் செத்து எத்தினி காலம் ஆச்சு தெரியுமா சார்? நாம பட்டனத் தட்டுனா வந்து ஆடுறாங்க. பாதில நிறுத்திட்டு நீ பாட்டுக்குத் துன்னப் போயிட்டா, காலத் தூக்குனவன் தூக்குன மேனிக்கே நிக்கணும். பாவம் இல்ல?"

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரி ஓட்டும் ஒருவர் ஒரு முறை டிஸ்க் வாடகைக்கு எடுத்துப் போனார். திருவொற்றியூரில் அவர் வீட்டில் படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. அந்தப் பக்கம் கரண்ட் போன செய்தி எப்படியோ ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தது. சைலண்டு சைக்கிள் கேரியரில் ஒரு லாரி பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் கட்டிக்கொண்டு போய் இறங்கினார்.

"இன்னா மாமு இது, வூட்டு வரைக்கும் வந்துகினு?" என்றார் டிரைவர்.

"எங்க நின்னுச்சு?"

"மந்திரவாதி தலையக் கய்ட்டிக் கூடைல வெச்சான். அத்தோட போச்சு."

"தல இல்லாம வுட்டுட்டு எப்பிடிய்யா சோறு எறங்குது உனக்கு?"

பேட்டரியை மாட்டி, படத்தை ஓட்டி, மந்திரவாதியின் தலை கழுத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

இரண்டாவது சட்டம், செருப்பை வாசலில் விட வேண்டும். வெறும் சிமென்ட் தரை, மூலையெல்லாம் துறைமுகத்து நிலக்கரித் தூசி. அந்தக் கலீஜுக்குள் எதற்கு வெறுங்காலோடு போக வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் கேட்கமாட்டார்கள்.

அந்த எட்டாவது ஜோடி சைலண்டின் தம்பி துரையுடையது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. அண்ணனோடு அதே வேலை பார்த்தவர். ஒரு நாள் கப்பலின் கயிற்று ஏணியில் ஏறுவதற்காகச் செருப்பை லாஞ்சில் கழற்றி வைத்தார். ஏறினார். பாதி ஏணியில் கை நழுவியது. செருப்பு திரும்பி வந்தது. எண்ணூர் முகத்துவாரம் வரை தேடியும் உடல் கிடைக்கவில்லை. சைலண்டு அதன்பின் லாஞ்ச் ஏறவில்லை. கடை வைத்தார். செருப்பை வாசலில், முனை உள்பக்கம் பார்க்க வைத்தார். உள்ளே வந்தவர் கழற்றிவிட்ட மாதிரி.

"அது மட்டும் தனியா கெடந்தா ஒரு மாதிரி கீது சார்," என்றார் என்னிடம். "நாலு பேரு செருப்பு கூட கெடந்தா, கூட்டத்தோட வந்தவன் மாதிரி கீது."

லாரி டிரைவர் ஒரு நாள் அவசரத்தில் அந்த ஜோடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தெருமுனை தாண்டவில்லை, திரும்பி வந்தார்.

"நைனா, இது உள்ள ஈரமா கீது."

மழைக்காலம் இல்லை. துரையின் மனைவி மல்லிகா தினமும் காலையில் அதைக் கழுவி வைப்பது வழக்கம் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்று மல்லிகா மாதவரத்தில் அக்கா வீட்டில் இருந்தாள்.

கல்லாவில் உட்கார்ந்து கடையைக் கவனித்துக்கொண்டது மல்லிகாதான். பேச்சு குறைவு, சைலண்டு இருக்கும் இடத்தில் வேறு யாருக்கும் இடைவெளி கிடைக்காது. அவள் தலைக்கு மேலே துரையின் போட்டோ. மாலை இல்லை, பொட்டும் இல்லை. உடல் கிடைக்காதவருக்கு மாலை போடுவதில்லை என்று அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். அதனால் மல்லிகா என்ன நிலையில் இருக்கிறாள் என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு பெண்கள் வரிசையில் வந்து, அவள் முன்னால் கொஞ்சம் தயங்கி, பக்கத்துப் பெண்ணிடம் போய்விடும். பிறகு அவள் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

திருவொற்றியூரிலிருந்து சைலண்டின் அத்தை அடிக்கடி வந்து சத்தம் போடுவார்.

"போட்டோவுக்கு மாலையப் போட்டு ஒரு முடிவு பண்ணுடா. அவ வயசு இன்னா, உன் வயசு இன்னா? நீ ஊமைப்படம் பாத்துக்கினு குந்தியிருந்தா அவ கதி?"

"மொதல்ல அந்தப் பொண்ணு வெளிய வரட்டும் அத்தை. அப்பால போடுறேன்."

"எந்தப் பொண்ணுடா? பொண்ணு பாக்கணும்னா என்னாண்ட சொல்லு!"

அந்தப் பெண் வேறு யாரும் இல்லை, நான் முதல் நாள் பார்த்த நீல உடைக்காரிதான். கதை இதுதான்: கடல் ராஜா கரையில் இருக்கும் ஊர் விளக்கைத் திருடிப் போகிறான். ஊரே இருட்டாகிறது. விளக்கை மீட்க ஒரு மீனவப் பெண் தண்ணீருக்குள் இறங்கி நடக்கிறாள். கடலடியில், பாறையில், ஒரு கதவு. திறக்கிறாள். உள்ளே போகிறாள். உடனே திரை கறுப்பாகிறது, நாலு வரி வெள்ளை எழுத்து வருகிறது. அடுத்த காட்சியில் கரையில் விளக்கு எரிகிறது, ஊர் கூடி ஆடுகிறது. அந்தக் கூட்டத்தில் அவள் இல்லை.

டிஸ்க்கில் கீறல் என்று சைலண்டு நினைத்தார். பற்பசை வைத்துத் தேய்த்தார். பிறகு தேங்காய் எண்ணெய். பிறகு திருநீறு. டிஸ்க் பளபளத்தது, பெண் வரவில்லை. என்னைக் கண்டதும் அந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். கீழே ஆங்கிலத்திலும் இருந்தது. படித்துச் சொன்னேன்:

"இந்த இடத்தில் வரும் படச்சுருள் இதுவரை கிடைக்கவில்லைன்னு போட்டிருக்கு."

கல்லாவில் மல்லிகா நிமிர்ந்தாள்.

"இதுவரைன்னு போட்டுக்கீதா சார்?" என்றார் சைலண்டு.

"ஆமா."

"அப்ப தேடிக்கினு கீறாங்க."

அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு கப்பலிலும் லாஞ்ச்காரர் மூலமாக அவர் கேட்டது ஒன்றுதான்: இதே படத்தில் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா? அத்தை ஒரு நாள் சண்டை போட வந்தவர், படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, "கட்டைல போறவளே, அந்தக் கதவாண்ட ஏன்டி போற!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். அடுத்த முறை வந்தபோது மாலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், "அவ வந்தாளா?" என்று கேட்டார். தெருவில் பால் போடுபவர்கூடக் கேட்க ஆரம்பித்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு கப்பலின் சமையல்காரர் அந்தப் புதுப் பதிப்பைக் கொண்டுவந்தார். அட்டையில் புதிதாக ஒரு வரி இருந்தது. ஏதோ ஒரு ஊரில், ஒரு நிலவறையில், தகரப் பெட்டிக்குள் அந்தச் சுருள் அகப்பட்டதாம்.

மறுநாள் மதியம் கடையில் இடம் இல்லை. அத்தை, லாரி டிரைவர், லாஞ்ச்காரர், தெருக்காரர்கள். வாசலில் செருப்புகள் குவிந்து, நீல வார் ஜோடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மல்லிகா கல்லாவை விட்டு இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் தெரியும், சைலண்டு அத்தைக்குக் கொடுத்த வாக்கு என்னவென்று.

அட்டை மீன்கள் வந்தன. பாறை வந்தது. கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள்.

திரை கறுக்கவில்லை.

கதவிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கையில் விளக்கு. ஒரு பெரிய மீன் அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே நீந்திப் போனது. பிறகு அவள் முகம் தெரிந்தது. நேராக எங்களைப் பார்த்தாள். சுண்ணாம்பு வெள்ளையில் கண் மட்டும் கறுப்பு. நிதானமாக ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு, உள்பக்கத்திலிருந்து, அவளே கதவைச் சாத்திக்கொண்டாள்.

கரையில் விளக்கு எரிந்தது. ஊர் ஆடியது. படம் முடிந்தது.

எல்லோரும் சைலண்டைப் பார்த்தோம். அவர்தானே பதில் சொல்பவர். அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

இருட்டில் மல்லிகாதான் சொன்னாள். டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சரி. போய்ட்டு வா."

அத்தை மூக்கைச் சிந்தினார். யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். சைலண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அந்தச் சந்தில் அன்றுதான் துறைமுகத்துக் கிரேன் சத்தம் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்தப் பக்கம் போனேன். ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. உள்ளே சைலண்டு யாருக்கோ விலாவாரியாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. துரையின் போட்டோவில் ஒரு முழம் கதம்பம் தொங்கியது.

மல்லிகா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். காலில் நீல வார் செருப்பு போட்டிருந்தாள். அது அவளுக்குப் பெரிது.